கூப்பிட்டவர் வைக்கும் வரை

அந்தத் தெருவில் எல்லோரும் போனைப் பையில் போட்டுக்கொண்டு திரிய ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. கம்பி வழியாக வந்து மணியடிக்கிற போன் ஒரே ஒரு வீட்டில்தான் மிச்சம். அதுவும் மாடி வீடு. கீழே தையல்காரர் கடை, மேலே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் குடித்தனம். அவருக்குக் கம்பிக்காரர் என்று பேர், அவளுக்கு ஆபரேட்டரம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் இருவருக்கும் இருக்கத்தான் செய்கிறது, பேங்க் புத்தகத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். தெருவில் யாரும் அதைக் கேட்டதில்லை.

வேறு ஊரில் குடும்பமாக இருக்கிற மகள், "அந்த போனை எடுத்துத் தொலைங்களேன், மாசாமாசம் தண்டம்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். எப்படி எடுப்பார்கள்? இரண்டு பேரும் சோறு தின்றது அந்தக் கம்பியில். கல்யாணம் முடிவானதும் அந்தக் கம்பியில்தான்.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போர்டு முன்னால் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவள். நீளமான அறை, வரிசையாகப் பதினெட்டு பெண்கள், ஆளுக்கொரு உயரமான ஸ்டூல். தலையில் ஹெட்செட், எதிரே நூற்றுக்கணக்கில் ஓட்டை. ஒரு விளக்கு எரிந்தால் கயிற்றை எடுத்துச் செருகி, "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு, இன்னொரு கயிற்றை இன்னொரு ஓட்டையில் செருக வேண்டும். இந்தப் பக்கத்து மனுஷனும் அந்தப் பக்கத்து மனுஷனும் ஹலோ சொல்லிக்கொண்டதும், பேச்சு தன் காதில் விழாதபடி சாவி என்கிற சுவிட்சைத் தள்ளிவிட்டு விலகிவிட வேண்டும். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. தூசி உள்ளே போனால் போர்டு கெட்டுவிடும் என்று அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே போகும்போது வெயில் அடித்தால் வெயில், வரும்போது இருட்டியிருந்தால் இருட்டு, நடுவில் என்ன நடந்தது என்று ஒருத்திக்கும் தெரியாது.

அவர் லைன்மேன். இடுப்பில் ஒரு டெஸ்ட் போனைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறி, கம்பியில் கிளிப்பை மாட்டி, போர்டைக் கூப்பிடுவார்.

"மேடம், இருநூத்திப் பதினாலு கேக்குதா?"

"கேக்குது."

"இருநூத்திப் பதினஞ்சு?"

"இரையுது."

இப்படியே ஒரு வருடம் போனது. முகத்தை அவரும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. ஒருநாள் இருநூற்றுப் பதினைந்தைச் சரிபண்ணி முடித்தவர் கிளிப்பைக் கழற்றாமல் நின்றார்.

"மேடம், இங்க மழை ஆரம்பிச்சிருச்சு. அங்க?"

"இங்க ஜன்னல் கிடையாது."

அவருக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் ஒரு பெண் உட்கார்ந்து ஊரையெல்லாம் பேச வைக்கிறாளே என்று இருந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்தக் கம்பத்தில் ஏறினாலும் வேலை முடிந்ததும் ஒரு வரி சொல்வார். காற்று அடிக்கிறது மேடம். மேற்கே மேகம் கட்டுது மேடம். பள்ளிக்கூடம் விட்டு பிள்ளைங்க ஓடுது மேடம். அவள் "சரி" என்பாள். அந்தச் சரிக்குள் எவ்வளவு இருந்தது என்பது பக்கத்து ஸ்டூல்களுக்கெல்லாம் தெரிந்துபோனது. கல்யாணமான பிறகும் கேலியாகக் கூப்பிட வேண்டுமென்றால் அவருக்கு அவள் மேடம்தான்.

இந்த மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்ததே ஜன்னலுக்காக. கூடத்தில் தெருவைப் பார்க்க ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல். அதன் ஓரத்தில்தான் போனைப் பொருத்தினார், அவரே கம்பி இழுத்து. அவள் வேலை முடிந்து வந்ததும் அந்த ஜன்னல் ஓரத்தில் அரை மணி உட்காராமல் ஒரு வேலையும் தொடமாட்டாள். முப்பத்தாறு வருடமாக அதே வீடு, அதே ஜன்னல். மழைக்குக் கூடத்து மூலையில் ஒழுகும். ஒழுகினால் என்ன, வாளி இல்லையா?

இப்போது அந்த வீட்டை விற்கிறார்கள். வீட்டுக்காரம்மா காலமாகிவிட்டார். அவர் மகன் நல்ல மாதிரி. "உங்களைக் கேக்காம வெளியாளுக்குக் குடுக்கமாட்டேன். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா பாருங்க, இல்லாட்டி வேற ஆள் காத்திருக்கார்" என்று சொல்லியிருந்தான். இரண்டு பேரும் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தையெல்லாம் வைப்பிலிருந்து எடுத்து அவருடைய கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் டிராஃப்ட் எடுக்க வேண்டும். சொல்ல வந்த விஷயம் நடந்தது அதற்கு முந்தின புதன்கிழமை.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வைக்கு ஒரு அம்மா இருந்தார். நடந்தால் இடுப்பில் சாவி குலுங்கும் என்பதால் பெண்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து. வேலையில் சேர்ந்த முதல் நாளே அவர் சொல்லிவிடுவார்: "லைன் குடுக்கறதுதான் உங்க வேலை. அவங்க பேசறது அவங்க பாடு. இந்த ரூமுக்குள்ள உங்க காது உங்களோடது இல்ல, டிபார்ட்மெண்ட்டோடது." சும்மா சொன்னதில்லை. ஆபரேட்டரம்மாவுக்கு இடப்பக்கத்து ஸ்டூலில் இருந்த பெண், தனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையின் அம்மா யாரிடமோ "இந்த இடம் வேண்டாம்னு சொல்லிடலாம்" என்று பேசியதைச் சாவியைத் தள்ளாமல் கேட்டுவிட்டாள். மறுநாளே பெண் வீட்டார் முந்திக்கொண்டு வேண்டாம் என்றார்கள். எப்படித் தெரிந்தது என்று கிளறியதில் அவளுக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன். திரும்பி வந்தவள் ஓய்வு பெறும்வரை யாரோடும் சிரித்துப் பேசவில்லை.

அதிலிருந்து ஆபரேட்டரம்மாவுக்கு அது உடம்பிலேயே ஊறிப்போனது. வீட்டில் புருஷன் போனை எடுத்து "ஹலோ" என்றால் போதும், இவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். மகளோடு அவர் பேசினாலும் சரி, பேசி முடித்து அவர் சொன்னால்தான் உண்டு. "உங்க வீட்டம்மா மாதிரி ஒருத்தி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று தையல்காரர்கூட அவரிடம் சொல்லியிருக்கிறார். தையல்காரருக்குச் சொந்த வீட்டில் வேறு கதை.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மணியடித்தது. அவர் எடுத்தார்.

"ஆமா, நான்தான் பேசறேன். எந்த பேங்க்? ... அப்படியா? நான் எதுவும் வாங்கலையே."

அவள் பீன்ஸ் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். துவைத்த துணி வாளியில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் தளத்துக்குப் போகக் கூடத்தைத் தாண்டினாள். அவர் ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "இங்க கொஞ்சம் வாயேன்" என்றார். முகம் வெளிறியிருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் காலம் காலமாகப் பழகின பழக்கம். "பேசிட்டு வாங்க" என்று கையைக் காட்டிவிட்டுத் தளத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெயில் சுள்ளென்று இருந்தது. ஒவ்வொரு துணியாக உதறிப் போட்டாள். காய்ந்து கிடந்த துண்டை மடித்தாள். உள்ளே அவர் குரல் கேட்டபடியே இருந்தது, ஏதோ எண்களைச் சொல்வது போல. அவள் குழாயைத் திறந்து வாளியைக் கழுவினாள், பிறகு கழுவின வாளியையே இன்னொரு தரம் கழுவினாள்.

உள்ளே வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பெரிய வேலையை ஒற்றை ஆளாக முடித்த களை முகத்தில்.

"மேடம், ஒரு டீ குடு. இன்னிக்கு நம்ம வீட்டைக் காப்பாத்திட்டேன்."

"என்னாச்சு?"

"நம்ம பேங்க் கார்டை எவனோ காப்பி அடிச்சிருக்கான். எங்கயோ ஒரு கடையில டிவி வாங்கப் பார்த்திருக்கான். பேங்க் செக்யூரிட்டியிலேருந்து சொன்னாங்க."

"பேங்க்தான்னு எப்படித் தெரியும்? பேப்பர்லல்லாம் போடறானே."

அவருக்கு அந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. "அங்கதான் விஷயமே இருக்கு. நானும் அதையேதான் கேட்டேன். அந்தத் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? என்னை நம்பாதீங்க சார், போன்ல யார் என்ன கேட்டாலும் சொல்லாதீங்க. போனை வெச்சுட்டு, கார்டுக்குப் பின்னால ஒரு நம்பர் இருக்கும், அதுக்கு நீங்களே போட்டுக் கேளுங்கன்னான். திருடன் அப்படிச் சொல்வானா?"

"சொல்லமாட்டான்."

"வெச்சேன். கார்டைத் திருப்பி, அந்த நம்பருக்கு நானே போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. பணத்தைப் பத்திரமான கணக்குக்கு மாத்திரலாம் சார்னு சொல்லிச்சு. என் செல்லுல நாலு ஓடிபி வந்துச்சு. ஒண்ணொண்ணாச் சொன்னேன். முடிஞ்சுது."

அவள் டீக்குத் தண்ணீர் வைக்கப் போனவள் நின்றாள்.

"வெச்சீங்களே, எவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க?"

"எவ்வளவு நேரமா? எப்பவும் போலத்தான். ரிசீவர் கொக்கியை ஒரு தட்டுத் தட்டினேன், டோன் வந்துச்சு, போட்டேன்."

அது லைன்மேன் பழக்கம். கம்பத்து மேல் நிற்கிறவனுக்கு ரிசீவரை வைத்துவிட்டு ஆற அமர எடுக்க நேரம் ஏது? ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கைக் கட்டை விரலால் கொக்கியை ஒரு தட்டு, உடனே அடுத்த நம்பர். வீட்டிலும் முப்பத்தாறு வருடமாக அப்படித்தான் செய்கிறார்.

"டோன் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எப்படின்னா?"

"நம்ம டோன் ஒரே சீரா வரும். லேசா ஒரு இரைச்சல் இருக்கும். நீங்க நம்பரை அழுத்தினதும் டோன் டக்குனு நின்னுச்சா, இல்ல கொஞ்சம் தள்ளி நின்னுச்சா?"

அவர் விரலால் காற்றில் நம்பரை அழுத்திப் பார்த்தார். யோசித்தார். அவர் முகத்தில் இருந்த களை வடிந்துபோவதை அவள் நின்று பார்த்தாள்.

"ரெண்டு நம்பர் அழுத்தினப்புறம் நின்னுச்சு" என்றார்.

"கூப்பிட்டது அவன்தானே?"

"அவன்தான்."

"அவன் வெச்சானா?"

ஊரில் வேறு யாருக்குச் சொன்னாலும் புரிய வைக்கப் பத்து நிமிஷம் ஆகும். இவர்களுக்கு அது அரிச்சுவடி. கூப்பிட்டவர் வைக்கும் வரை லைன் கட்டாகாது. கூப்பிடப்பட்டவன் கொக்கியை எத்தனை தட்டுத் தட்டினாலும் அந்தப் பக்கத்து ஆள் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்துக்கு லைன் அவன் கையில்தான். அவன் ஒரு டோனைப் போட்டுக் காட்டுவான், இவர் நம்பரை அழுத்துவது கேட்டு அதை நிறுத்துவான், அதற்குள் ஒன்றிரண்டு நம்பர் தாண்டிவிடும், அவன் பக்கத்தில் ஒரு பெண் "வணக்கம், பேங்க்" என்பாள். போன் எங்கேயும் போகவில்லை. அதே திருடன் மடியில்தான் இருந்தது. எக்ஸ்சேஞ்சுக்குப் புதுச் சாமான் வந்த ஊர்களில் லைன் உடனே கட்டாகிவிடும். இந்தத் தெருவுக்கு இன்னும் பழைய பெட்டிதான். அந்தப் பெட்டியை மாட்டினவரே இவர்தான்.

"எனக்குத் தெரியுமே" என்றார் மெதுவாக. "நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். எனக்கே தெரியுமே."

கீழே தையல் மிஷின் ஓடி நின்றது கேட்டது. அவர் செல்போனை எடுத்து நம்பரைத் தப்பாக அழுத்தினார், அவள் வாங்கிக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"நீ எங்க இருந்தே?"

"தளத்துல. துணி போட்டுக்கிட்டிருந்தேன்."

"நான் கூப்பிட்டேனே. இங்க வான்னு சொன்னேனே. உன் காதுக்கு அந்த டோன் ஒரு செகண்ட் போதுமே. பக்கத்துல வந்து நின்னிருந்தா போதுமே." அவர் குரல் உயர்ந்தது. "கட்டின புருஷன் பேசறதைக் கேட்டா காது அழுகிப்போயிருமா? இங்க என்ன சாவிக்கொத்தா நிக்கறா?"

முப்பத்தாறு வருடத்தில் அவர் அவளை அப்படிப் பேசியதில்லை. அதைவிட, அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அவர் எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினார். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பேங்க் கிளையை மூடி இரண்டு வருடம் ஆகிறது. அடுத்த கிளைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் செல்போனில், கார்டுக்குப் பின்னாலிருந்த நம்பரை நிதானமாக அழுத்தினாள். பாட்டு வந்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் வந்தது. மறுபடி பாட்டு. எத்தனை ஆயிரம் பேரை "லைன்ல இருங்க" என்று அவள் காக்க வைத்திருப்பாள். கல்யாணம், சாவு, பிரசவம், பரீட்சை முடிவு என்று அவர்களும் இப்படித்தான் ஒவ்வொரு நிமிஷத்தையும் எண்ணியிருப்பார்கள். அது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. இருபத்திரண்டு நிமிஷம் கழித்து ஒரு பெண் எடுத்தாள்.

"அம்மா, கார்டை நாங்க ஏற்கெனவே நிறுத்திட்டோம்" என்றாள் அந்தப் பெண். "முதல் ரெண்டு டிரான்ஸ்ஃபர் போயிருச்சு. மூணாவதும் நாலாவதும் பெரிய தொகை. எங்க கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டுப் பிடிச்சு வெச்சிருக்கு. ஆனா நாலு மணிக்குள்ள கணக்குக்காரர் பேசி, வேண்டாம்னு சொல்லணும். சொல்லலைன்னா அதுவும் போயிரும்."

"நான் அவர் பெண்டாட்டி. நானே சொல்றேன், வேண்டாம்."

"கணக்குக்காரர்தான்மா சொல்லணும். சாரைக் குடுங்க."

அவள் படிக்கு ஓடினாள். "ஏங்க, நீங்கதான் சொல்லணுமாம். சொல்லுங்க." அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். செல்லை வாங்கவே இல்லை. அவள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே செல் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. காசு தீர்ந்துவிட்டது. செல்லுக்குக் காசு போட வேண்டுமென்றால் அதற்கும் நிறுத்திவிட்ட அந்தக் கார்டுதான் வேண்டும்.

அவள் அவருக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தாள். போன இரண்டும் அவருடைய ஒரு வருடப் பென்ஷன். கூரை ஒழுகலை அடைக்கவும் வெள்ளையடிக்கவும் வைத்திருந்தது. அது போனால் போகட்டும், ஒழுகுகிற வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். இன்னும் போகாமல் நிற்கிற இரண்டும்தான் வீடு. அது போனால் ஜன்னல் போனது. அறுபது வயசுக்கு மேல் எங்கே போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

"எழுந்திரிங்க. தையல்காரர் செல்லை வாங்கிக்கிட்டு வரேன்."

"வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டாம்."

"தெரிஞ்சா என்ன?"

"ஊர்ல முக்கால்வாசி வீட்டுக்குக் கம்பி இழுத்தவன் கம்பியிலயே மாட்டிக்கிட்டான்னு சொல்வாங்க. என் வாயாலயே சொன்னேன். ஒவ்வொரு நம்பரா, நிறுத்தி நிறுத்தி, அவங்களுக்குத் தப்பாக் கேட்டுறக் கூடாதேன்னு ரெண்டு தடவை சொன்னேன். இனிமே போன்ல என் வாயை நான் நம்பமாட்டேன். என்னை விட்டுரு."

அவள் அவர் முதுகைப் பார்த்தாள். கம்பத்தில் ஏறி ஏறி ஒரு தோள் தாழ்ந்துபோன முதுகு. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அந்த முதுகைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

எவ்வளவு கெஞ்சியும் அவர் படியை விட்டு அசையவில்லை. இரண்டே முக்காலுக்கு வீட்டு போன் மணியடித்தது. அவர் படியிலிருந்தே, "எடுக்காத" என்றார். அவள் எடுத்தாள்.

"வணக்கம்மா. பேங்க் பாதுகாப்புப் பிரிவிலேருந்து பேசறேன். காலையில பேசினப்ப லைன் கட்டாயிருச்சு. சார் இருக்காரா?"

பெண் குரல். காலையில் கேட்ட குரல் போலத்தான் இருந்தது. போலத்தான் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவரிடமும் காலையில் ஒரு பெண்தானே பேசினாள்?

"அம்மா, தப்பா நினைக்காதீங்க" என்றாள் ஆபரேட்டரம்மா. எத்தனையோ வருடம் கழித்து அந்த போர்டுக் குரல் தானாக வந்தது. "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நீங்க வெச்சிருங்க. நாங்களே கூப்பிடறோம்."

"அதுதாம்மா சரி. கார்டுக்குப் பின்னால இருக்கற நம்பருக்கே போடுங்க. என்னோட இருக்கை எண் நாப்பத்தேழு. அதை மட்டும் கேளுங்க. நாலு மணி தாண்டாம பார்த்துக்கங்க."

அந்தப் பக்கம் வைக்கிற சத்தம் கேட்டது. கேட்டும் அவள் நம்பவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்தாள். டோன் வந்தது. சீராக, லேசான இரைச்சலோடு. அதையும் நம்பவில்லை. கீழே தையல்காரர் செல்லுக்குப் போட்டாள்.

"யாரு?"

"மேலேருந்து பேசறேன். ஒண்ணுமில்ல, லைன் டெஸ்ட் பண்றேன்."

"என்ன பண்றீங்க?"

"லைன் டெஸ்ட். நீங்கதானே பேசறீங்க?"

"நான்தான் பேசறேன். பின்ன வேற யார் பேசுவா? ஏம்மா, சார் படியில உக்காந்திருக்காரே, சண்டையா?"

"ஆமா" என்றாள். "வெச்சிரட்டுமா?" தெரிந்த மனுஷன், தெரிந்த குரல், அவருக்குப் பின்னால் அவர் மிஷின். இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. லைன் சுத்தம்.

படிக்கு வந்தாள். "வாங்க. லைனை நான் பார்த்துட்டேன். நம்ம லைன்தான்."

"நான் பேசமாட்டேன்னு சொன்னேனே."

"உங்க வாயை நம்ப வேண்டாம். என் காதை நம்புவீங்கல்ல? நான் கூட இருந்து கேக்கறேன்."

அவர் திரும்பினார். "நீயா? கேக்கறியா?"

"கேக்கறேன். காலையிலயே கேட்டிருக்கணும்."

அவர் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார்.

ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலிதான் உண்டு. அவர் அதில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். நம்பரை அவள் அழுத்தினாள். ரிசீவரை அவர் காதுக்கும் அவள் காதுக்கும் நடுவில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு நரைத்த தலையும் முட்டிக்கொண்டன. அடுத்தவர் பேச்சில் காதை வைக்கிறோம் என்ற கூச்சத்தில் அவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. பாட்டு வந்தது, முக்கியம் என்ற குரல் வந்தது, திரும்பப் பாட்டு. மூன்று இருபது, மூன்று முப்பத்தைந்து. ரிசீவர் நழுவப் பார்த்தபோது அவள் அவர் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாற்பதுக்கு ஒரு ஆள் எடுத்தான், நாற்பத்தேழைக் கேட்டதும் மாற்றிவிட்டான்.

"நானேதான் சார். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். ஓடிபி, ரகசிய எண் எதையும் சொல்லாதீங்க, நான் கேக்கமாட்டேன். மூணாவதும் நாலாவதும் நீங்க அனுப்பினதா?"

அவர் அவளைப் பார்த்தார். சொல்லலாம் என்று அவள் தலையசைத்தாள்.

"இல்லம்மா. நான் அனுப்பல. நிறுத்திருங்க."

கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது.

"நிறுத்தியாச்சு சார். அந்தப் பணம் உங்க கணக்குலயே இருக்கு. வெள்ளிக்கிழமை கிளைக்கு வந்தா டிராஃப்ட் எடுக்கலாம். முதல் ரெண்டுக்கும் புகார் எழுதிக்கறேன். திரும்பக் கிடைக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வீடு கை நழுவாமல் தங்கிவிட்டது. அவர் பெருமூச்சு விட்டது அவள் கன்னத்தில் பட்டது.

"சில விவரம் மட்டும் எழுதணும் சார்" என்றாள் நாற்பத்தேழு. "இந்தப் பேச்சு பதிவாகுது. காலையில அவங்க பேசினப்ப வீட்டுல வேற யாராவது இருந்தாங்களா?"

"என் வீட்டம்மா இருந்தாங்க."

"அவங்க அந்தப் பேச்சைக் கேட்டாங்களா? விசாரணையில கேப்பாங்க, அதுக்காகத்தான்."

சொல்லட்டும், கூப்பிட்டும் அவள் வரவில்லை என்று சொல்லட்டும், உள்ளதுதானே என்று அவள் காத்திருந்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கத்தான் வந்தாங்கம்மா. வந்து பக்கத்துல நின்னாங்க. நான்தான் ரகசியம், நீ போன்னு விரட்டிட்டேன். முப்பத்தோரு வருஷம் எக்ஸ்சேஞ்சுல இருந்தவங்க. அவங்களை நான் நிக்க விட்டிருந்தா உங்களுக்கு இந்த வேலையே வந்திருக்காது. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அப்படியே எழுதிக்கோங்க."

"எழுதிக்கிட்டேன் சார். வேற ஏதாவது சேக்கணுமா?"

"வேற ஒண்ணுமில்லம்மா."

அது பொய் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கண்ணீர் வந்து ரிசீவரில் விழுந்தது, ஆனாலும் அவர் பேச்சுக்கு நடுவில் அவள் பேசவில்லை. காதை மட்டும் இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டாள்.